காரைக்குடியில் ஓர் இணைய நாணயக் கடை: முதல் இரண்டு ஆண்டுகள்

காரைக்குடியை அடுத்த ஒரு நகரத்தார் ஊரில், ஒரு வீட்டின் இரண்டாம் கட்டைத் தாண்டியுள்ள அறையில் நெடுங்காலம் பூட்டிக் கிடந்த இரும்புப் பெட்டியை, 2023 தீபாவளிக்கு முன்பு வீட்டை ஒழுங்குபடுத்தும்போது திறந்தார்கள். உள்ளே கணக்குப் பேரேடுகளுக்கு அடியில் ஐந்து துணிப்பைகள் இருந்தன. ஒவ்வொரு பையின் வாயிலும் ஊர்ப்பெயர் எழுதிய அட்டை கட்டியிருந்தது: ரங்கூன், பினாங்கு, கொழும்பு, சைகோன், புதுக்கோட்டை. எண்ணிப் பார்த்ததில் 437 நாணயங்களும், ஒரு கட்டு ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலப் பணத்தாள்களும் தேறின. சென்னையில் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பியிருந்த பேரனும், அவர் ஆச்சி என்றழைக்கும் மூத்த சகோதரியும், இவற்றை மூலதனமாக வைத்து இணையத்தில் நாணயக் கடை தொடங்கலாம் என்று முடிவு செய்தார்கள். நான் முப்பது ஆண்டுகளாக நாணயம் சேர்ப்பவன் என்பதால், நாணயங்களை அடையாளம் காணவும் விவரக் குறிப்புகளைச் சரிபார்க்கவும் என்னை அழைத்தார்கள். அந்தக் கடை நிலைபெற்ற விதத்தையும் தடுமாறிய இடங்களையும், அவர்கள் இருவரின் இசைவோடு, இங்கே பதிவு செய்கிறேன். வாங்குபவரால் கையில் எடுத்துப் பார்க்க முடியாத ஒரு நாணயத்தை விற்கும்போது, உண்மையில் நாம் விற்பது அதைப் பற்றி எழுதிய நான்கு வரிகளைத்தான் என்பதே இந்த இரண்டு ஆண்டுகளில் எனக்கு உறுதிப்பட்டது.

பைகளும் பெயர்களும்

பையின் மேல் எழுதியிருந்த ஊரும் உள்ளே இருந்த நாணயமும் எல்லா இடத்திலும் பொருந்தவில்லை. ரங்கூன் பையில் இருந்தவற்றில் பெரும்பாலானவை இந்திய ரூபாய்களே. பர்மா 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாக இருந்ததால், அங்கே கொடுக்கல் வாங்கல் செய்த செட்டியார்களின் பெட்டிக்கு வந்ததும் நம் ஊரில் புழங்கிய அதே வெள்ளி ரூபாய்தான். அவற்றுக்கிடையே மயில் பொறித்த ஒரே ஒரு வெள்ளிக் காசு இருந்தது. மின்டோன் மன்னர் மாந்தலேயில் அடித்த அந்தக் காசில் பர்மிய ஆண்டு 1214 என்றுதான் இருக்கும். அது கி.பி. 1852-ஐக் குறித்தாலும், காசு அடிக்கத் தொடங்கியது 1865-இல். அதில் உள்ள ஆண்டு மன்னர் அரியணை ஏறிய காலத்துக்கு உரியதே தவிர, காசு பிறந்த ஆண்டு அன்று. இத்தகைய நுணுக்கம் தெரியாமல் 'ஆண்டு 1852' என்று விளம்பரம் எழுதியிருந்தால், தெரிந்த ஒருவர் பார்த்தவுடன் கடையின் மற்ற எல்லா வரிகளையும் சந்தேகித்திருப்பார்.

பினாங்குப் பையில், பினாங்கு, சிங்கப்பூர் முதலிய பிரிட்டிஷ் குடியேற்றங்களில் புழங்கிய ஸ்டிரெய்ட்ஸ் டாலர்கள் இருந்தன. 1903-இல் வெளியான டாலர் 26.95 கிராம் எடையுள்ள பெரிய வெள்ளிக் காசு; 1907-இல் அதன் எடையை 20.21 கிராமாகக் குறைத்தார்கள். பெட்டியில் இருந்த 1903 டாலரில் சிறிய ஆங்கில 'பி' (B) என்ற குறி தெரிந்தது. அது பம்பாய் நாணயச்சாலையின் குறி. பம்பாயில் அடித்து, கடல் கடந்து மலாயாவில் புழங்கி, ஒரு நகரத்தாரின் இடுப்பில் ஏறித் திரும்பி வந்த காசு என்று அதைச் சொல்லலாம். கொழும்புப் பையில் பனைமரமும் தமிழ், சிங்கள எழுத்துகளும் கொண்ட செப்புச் சதங்கள். புதுக்கோட்டைப் பையில் ஒரு பிடி அம்மன் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள் அம்மன், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. அணாவுக்கு இருபது என்ற கணக்கில் தொண்டைமான் சமஸ்தானத்தில் புழங்கிய இந்தக் காசை நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து மக்களுக்கு வழங்கும் வழக்கம் இருந்ததை, அந்த வீட்டு அப்பத்தா தம் தாயார் சொல்லக் கேட்டதாக எங்களிடம் விவரித்தார்.

யாருடைய காசு

பெட்டி இருந்த வீடு ஐந்து பங்காளிகளுக்குப் பொதுவானது. பூட்டுச் சாவி ஒருவர் கையில் இருந்ததால் காசும் அவருடையது ஆகிவிடாது. கடையைத் தொடங்கும் அவசரத்தில் ஆச்சியின் தம்பியான அந்தப் பேரன் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆச்சிதான் பிடிவாதமாக நின்றார். அவ்வாண்டு முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கு எல்லோரும் ஊருக்கு வந்தபோது, பட்டாலை என்னும் கூடத்தில் ஜமுக்காளம் விரித்து 437 காசுகளையும் பரப்பி, எண்ணிக்கை எழுதி, ஐந்து வீட்டாரும் கையெழுத்திட்ட ஒரு பட்டியல் தயாரித்தார்கள். விற்பனையில் வரும் தொகையில் யாருக்கு எவ்வளவு என்பதும் அதிலேயே பதிவாயிற்று. இணையக் கடைக்கு இதுவே முதல் ஆவணம். பின்னாளில் வாங்க வந்தவர்கள் 'இது எங்கிருந்து வந்தது' என்று கேட்டபோதெல்லாம் தயக்கமின்றிப் பதில் சொல்ல முடிந்ததற்கு இந்த ஒரு தாள்தான் காரணம்.

கடை தொடங்கிய செய்தி பரவியதும் வேறொரு வகைக் காசு வாசலுக்கு வந்தது. செட்டிநாட்டில் பழைய வீடுகளை இடித்துத் தேக்குத் தூண்களையும் நிலைக்கதவுகளையும் விற்பது நெடுநாளாக நடந்துவரும் வேதனை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் அந்தச் சாமான்கள் வரிசையாக அடுக்கியிருப்பதை யாரும் பார்க்கலாம். அப்படி இடித்த ஒரு வீட்டின் அடித்தளத்தில் கிடைத்ததாகச் சொல்லி, மண் ஒட்டிய செப்புக் காசுகளை ஒரு கலயத்தோடு ஒருவர் கொண்டுவந்தார். 1878-ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி, மண்ணிலோ மண்ணோடு பிணைந்த கட்டுமானத்திலோ மறைந்திருந்து கிடைக்கும், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எதையும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பெட்டியில் வைத்துப் பூட்டிய குடும்பச் சொத்து வேறு, அடித்தளத்தில் புதைந்திருந்தது வேறு. தம்பி கலயத்தைத் தொடாமலே சட்டத்தை எடுத்துச் சொல்லி அனுப்பிவிட்டார். அந்தக் காசுகளில் சோழர் காலத்தவை இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றியது. அதனால்தான் அவை கடைக்குள் நுழையக் கூடாது என்று நானும் உறுதியாக இருந்தேன். தோண்டிய இடம் தெரியாமல் கைமாறும் காசு, வரலாற்றுக்குச் செத்த காசு.

நூறு ஆண்டுக் கோடு

கடைத் திட்டத்தை அடியோடு மாற்றியது இந்தக் கட்டம்தான். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழைமையுள்ள நாணயத்தைத் தொல்பொருள் என்று வரையறுக்கிறது. தொல்பொருளை வீட்டில் வைத்திருப்பது குற்றமில்லை. ஆனால் அதை விற்பதைத் தொழிலாகச் செய்ய, இந்தியத் தொல்லியல் துறையின் உரிமம் வழங்கும் அலுவலரிடம் உரிமம் பெற வேண்டும்; உரிமம் பெற்றவர் பதிவேடுகளும் நிழற்படங்களும் முறையாகப் பராமரிக்க வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்புவதோ மத்திய அரசுக்கும் அது அங்கீகரித்த அமைப்புக்கும் மட்டுமே உரியது. தனியார் அனுப்பினால் குறைந்தது ஆறு மாதச் சிறை, மூன்று ஆண்டு வரை நீளலாம். இணையத்தில் இந்த வணிகம் செய்யும் பலர் இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

பைகளைப் பிரித்து அடுக்கியபோது, அழகும் எடையும் உள்ள காசுகள் அநேகமாக எல்லாமே கோட்டுக்கு அப்பால் போய்விட்டன. விக்டோரியா, எட்வர்டு காலத்து ரூபாய்கள் போனதில் வியப்பில்லை. ஐந்தாம் ஜார்ஜின் முழு ரூபாய்களும் கைக்கு வருபவை ஏறக்குறைய எல்லாம் 1922-க்குள் அடித்தவை என்பதால் அவையும் போயின. 1911 ரூபாய் ஒன்றும் அதில் இருந்தது. மன்னரின் அங்கியில் இருந்த யானை பன்றி போலத் தோன்றுகிறது என்று மக்கள் குறைப்பட்டதால் திரும்பப் பெற்று, மறு ஆண்டே உருவத்தைத் திருத்தி வெளியிட்ட வகை அது. இரும்புப் பெட்டியிலேயே விலை மதிப்புள்ள காசுகளில் ஒன்றான அதையும் ஒதுக்கி வைக்க வேண்டியதாயிற்று. ஆண்டு பொறிக்காத அம்மன் காசுகளை, ஐயத்தின் காரணமாக, பழையனவற்றோடே சேர்த்தோம். உரிமத்துக்கு விண்ணப்பம் தயாரிக்கும் வேலை ஒரு பக்கம் நடக்க, கடையை நூறு ஆண்டுக்கு உட்பட்ட காசுகளோடு மட்டும் 2024 மாசியில் திறப்பது என்று முடிவாயிற்று: ஆறாம் ஜார்ஜ் ரூபாய்கள், 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணா, 1957 ஏப்ரல் 1-இல் தொடங்கிய நயா பைசா வரிசை, பிறகு நினைவு நாணயங்கள்.

இந்த முடிவை ஒரு கடிதம் சோதித்தது. சிங்கப்பூரில் மூன்று தலைமுறையாக வாழும் உறவினர் ஒருவர், அந்த 1903 டாலரைப் படத்தில் பார்த்து, தம் பாட்டையா பினாங்கில் கடை வைத்திருந்த நினைவாக என்ன விலையானாலும் வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதினார். மலாயாவில் புழங்கிய காசு மலாயாப் பக்கமே திரும்பட்டும் என்று தம்பியின் மனம் இளகியது. சட்டமோ காசு எந்த நாட்டுக்காகப் பிறந்தது என்று பார்ப்பதில்லை. இந்தியாவில் இருக்கும் நூறாண்டுக் காசு என்றால் அது தொல்பொருள்தான். ஊருக்கு வந்து போகும்போது பையில் போட்டுக்கொண்டு போகலாமே என்று சிலர் யோசனை சொன்னதையும் ஆச்சி ஏற்கவில்லை. காசின் இரு பக்கங்களையும் விளிம்பையும் பெரிதாகப் படம் எடுத்து, எடை, விட்டம், பம்பாய்க் குறி ஆகியவற்றை ஒரு பக்கம் எழுதி, அந்த உறவினருக்கு அனுப்பி வைத்தார்.

புளி

முதல் இழப்பு வெளியாரால் வரவில்லை. விற்பனைக்கு என்று பிரித்த 1930-களின் செப்புக் காலணாக்கள் ஐம்பதை ஒரு தட்டில் வைத்துவிட்டு நாங்கள் அடுத்த அறையில் வேலையாக இருந்தோம். திரும்பி வந்தபோது அப்பத்தா வளவு எனும் முற்றத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, பித்தளைக் குத்துவிளக்கை விளக்குவதுபோல, ஊறவைத்த புளியும் கல்லுப்பும் போட்டு அவற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. கருஞ்சாந்து நிறத்தில் இருந்த காசுகள், புதிதாக ஈயம் பூசக் கொடுத்த செப்புப் பாத்திரம்போல் வெளிறிய இளஞ்சிவப்பாகக் கிடந்தன. "ஏன்டா தம்பி, இப்படிக் கறுத்துக் கெடந்தா எவன் காசு குடுப்பான்?" என்றார். பேரனால் கோபப்படவும் முடியவில்லை. "அப்பத்தா, அந்தக் கறுப்புக்குத்தான் காசே குடுக்குறாங்க" என்று மட்டும் சொன்னார்.

சொன்னது முற்றிலும் உண்மை. செம்பின் மேல் பல பத்தாண்டுகளில் படியும் படலம் அழுக்கன்று. உலோகம் காற்றோடு மெல்லச் சேர்ந்து உண்டாக்கிக்கொண்ட தோல். புளியின் அமிலம் அந்தத் தோலைக் கரைப்பதோடு, நாணயச்சாலையில் அச்சு அடித்தபோது உண்டான நுண்ணிய பளபளப்பையும் கொண்டுபோய்விடுகிறது. உப்பின் குளோரைடு நுண்துளைகளில் தங்கினால், பின்னாளில் பச்சைத் தூளாகப் பூத்து உலோகத்தையே அரிக்கும். சேகரிப்பவர் கண்ணுக்குத் தேய்த்த காசு முதல் பார்வையிலேயே தெரியும். அதன் மதிப்பு தேயாத காசின் சிறு பங்குதான். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து உப்பை இயன்றவரை நீக்கினோம். பிறகு அவை அனைத்தையும் 'தேய்த்துச் சுத்தம் செய்தவை' என்று தெளிவாகக் குறிப்பிட்டு, பள்ளிப் பிள்ளைகள் சேர்ப்பதற்கான மலிவு விலைப் பொட்டலங்களாகவே விற்றார்கள். அந்த வரியை எழுதாமல் விட்டிருந்தால் நல்ல விலைக்கே போயிருக்கும் என்று சொன்னவர்களும் உண்டு.

நான்கு வரி விவரம்

இணையதளம் அமைத்தது, பெயர் பதிவு செய்தது, யு.பி.ஐ. வசதி சேர்த்தது பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. இரண்டு வாரங்களில் முடிந்தது. உழைப்பு முழுவதும் ஒவ்வொரு காசின் பக்கத்தையும் எழுதுவதில் போயிற்று. கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் தராசு, விட்டம் அளக்க ஒரு வெர்னியர் அளவி, ஒரு காந்தம், ஒரு கண்ணாடிக் குவளை நீர் ஆகியவையே கருவிகள். படங்களை ஆச்சி காலை ஒன்பது மணிக்கு வளவில் விழும் சாய்ந்த வெளிச்சத்தில், வெள்ளைத் தாளின் மேல் காசை வைத்து எடுப்பார். நிறத்தைக் கூட்டுவதோ கீறலை மறைப்பதோ இல்லை.

இத்தனை கவனத்துக்கு நடுவிலும் ஒரு தவறு நேர்ந்தது. 1944 ரூபாய் ஒன்றை 'வெள்ளி ரூபாய்' என்று மட்டும் எழுதி விற்றிருந்தார்கள். கோயம்புத்தூரில் வாங்கியவர், நகைக்கடையில் காட்டியபோது பாதி வெள்ளிதான் என்கிறார்கள், ஏமாற்றிவிட்டீர்கள் என்று எழுதினார். அவர் கோபம் நியாயமானது. பழைய ரூபாயில் ஆயிரத்துக்கு 917 பங்கு வெள்ளி. போர்க்காலத்தில், 1940 முதல், அதை ஆயிரத்துக்கு 500-ஆகக் குறைத்துச் செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தார்கள். 1947 ரூபாயில் வெள்ளியே இல்லை, அது நிக்கல். எடையோ மூன்றுக்கும் ஒன்றுதான், 11.66 கிராம். தராசு மட்டும் பார்த்தால் வேறுபாடு தெரியாது. தராசின் மேல் நீர்க்குவளையை வைத்துப் பூஜ்யமாக்கி, நூலில் கட்டிய காசை நீருக்குள் தொங்கவிட்டால், 917 வெள்ளிக் காசு ஏறத்தாழ 1.13 கிராம் காட்டும். 500 வெள்ளிக் காசு ஏறத்தாழ 1.22 காட்டும். முழுப் பணத்தையும் அஞ்சல் செலவோடு திருப்பித் தந்த பிறகு, அன்று முதல் ஒவ்வொரு வெள்ளிக் காசின் பக்கத்திலும் வெள்ளியின் பங்கும் இந்த நீர் எடையும் இடம்பெற்றன. அந்தக் கோயம்புத்தூர்க்காரர் மூன்று மாதம் கழித்து நயா பைசா வரிசை ஒன்றை வாங்கினார்.

போலிகளை மறுப்பதும் கடையின் அன்றாட வேலையாயிற்று. ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ பொறித்து, 'கிழக்கிந்தியக் கம்பெனி 1818' என்று எழுதிய செப்புக் காசைக் கொண்டுவராத வாரமில்லை. கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. அவை பிற்காலத்தில் செய்த வில்லைகள். பூஜை அறையில் வைத்துக் கும்பிடுவதை ஏன் தடுக்க வேண்டும் என்பதால், தம்பி அதைக் கொண்டுவருபவரிடம் விலையைப் பற்றி மட்டும் பேசுவார், பக்தியைப் பற்றிப் பேசமாட்டார்.

விலையும் அஞ்சலும்

வைஷ்ணவி தேவி உருவம் பொறித்த 2012-ஆம் ஆண்டு ஐந்து ரூபாய்க்குப் பல லட்சம் கிடைக்கும் என்று நம்பித் தொலைபேசியில் அழைத்தவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது. மகளின் படிப்புச் செலவுக்கு என்று சொல்லி அழுதவர் உண்டு. முன்பணமாகக் கமிஷன் கட்டினால் விற்றுத் தருகிறோம் என்ற வலையில் சிலர் ஏற்கெனவே பணம் இழந்திருந்தார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிப் பழைய நாணயம், தாள் விற்பனைக்குக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. அந்த எச்சரிக்கையைக் கடையின் முதல் பக்கத்திலேயே தமிழில் எழுதி வைத்தார்கள். பெட்டியில் இருந்த ஜப்பானியத் தாள்களும் வீட்டாரின் இப்படியொரு நம்பிக்கையை உடைத்தன. பர்மாவுக்கு 'பி', மலாயாவுக்கு 'எம்' என்ற ஆங்கில எழுத்தோடு மலைமலையாக அச்சடித்த தாள்கள் அவை. 1945-இல் ஒரே நாளில் மதிப்பிழந்து, இன்றும் மிகுதியாகக் கிடைப்பதால், விலை சொற்பம். விலை வைப்பதற்கு, முடிந்த ஏலங்களில் அதே வகை, அதே தரத்துக் காசு உண்மையில் என்ன தொகைக்குப் போனது என்பதை மட்டுமே பார்த்தார்கள். கேட்கும் விலை எவ்வளவாக இருந்தாலும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

வரி விஷயத்தில் ஆடிட்டர் சொன்ன இரண்டு செய்திகள் பயன்பட்டன. வேறு மாநிலத்துக்குப் பொருள் விற்பதானால் விற்பனை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். அடுத்து, பிறர் வைத்திருந்த பழைய பொருளை வாங்கி விற்பவர், உள்ளீட்டு வரி வரவை (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வதை) எடுக்காதவரையில், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டும் வழி உண்டு. இதற்காக வாங்கிய ஒவ்வொரு காசுக்கும் ரசீது வைத்திருப்பது கட்டாயமாயிற்று.

பல கூரியர் நிறுவனங்கள் தங்கள் விதிகளில் நாணயத்தையும் விலையுயர்ந்த உலோகத்தையும் விலக்கி வைத்திருப்பதால், அஞ்சலகத்தில் காப்பீடு செய்து அனுப்புவதே வழக்கமாயிற்று. காசைப் பாலியெஸ்டர் ஹோல்டரில் வைத்து, இரண்டு அட்டைகளுக்கு நடுவே ஒட்டி, குலுக்கினால் சத்தம் வராதபடி கட்டுவார்கள். மலிவான பி.வி.சி. உறை மட்டும் வேண்டாம் என்று நான் முதல் நாளே சொல்லியிருந்தேன். அதிலிருந்து கசியும் எண்ணெய் சில ஆண்டுகளில் பச்சைப் பிசினாகக் காசில் ஒட்டிக்கொள்ளும்.

இப்போது அதிகம் விற்பவை நாங்கள் எதிர்பார்த்தவை அல்ல. 1995 தஞ்சாவூர் உலகத் தமிழ் மாநாட்டுக்காகத் திருவள்ளுவர் உருவத்தோடு வந்த ஒன்று, இரண்டு, ஐந்து ரூபாய்கள், அண்ணாவின் தமிழ்க் கையெழுத்தோடு வந்த 2009 நூற்றாண்டு ஐந்து ரூபாய் ஆகியவற்றை ஒரே அட்டையில் வைத்துக் கேட்பவர்கள் மிகுதி. லாபம் குறைவு, ஆனால் கேட்பு நிற்பதில்லை. உரிமம் இன்னும் கைக்கு வரவில்லை. பழைய காசுகள் அதே இரும்புப் பெட்டியில், துணிப்பைக்குப் பதிலாக ஹோல்டர்களில், ஊர் அட்டைகள் மாறாமல் இருக்கின்றன. இந்த 2026 ஜனவரி முதல் வாரத்தில் ஆச்சி கடையின் பட்டியலைத் திறந்து, 1926 என்று பொறித்த காலணாக்கள் மூன்றையும் விற்பனையிலிருந்து எடுத்து, எடையும் படமும் சேர்த்துத் தொல்பொருள் பதிவேட்டில் எழுதி, பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.